பிரெஞ்சுக் காலனி ஆவணங்களில் இனமும் பெண்ணும்: வடசென்னையில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது?

தண்டையார்பேட்டை_மலர்:

எல்லோருக்கும் வணக்கம். பிஎச்.டி. முதல் ஆண்டு. விண்ணப்பத்தில் போட்ட தலைப்பு "பிரெஞ்சுக் காலனியாட்சியில் இனமும் பாலினமும்". இதை எழுத ஒரு ஆயுள் போதாது, சுருக்கிக்கொண்டு வா என்கிறார் கைடு.

என் குழப்பம் இதுதான். புதுச்சேரியை மட்டும் எடுத்தால் இனம் என்ற பேச்சே வராது, அங்கே எல்லாம் சாதிதான் என்கிறார்கள் கூடப் படிப்பவர்கள். ரியூனியன், மார்த்தினிக் போன்ற பிரெஞ்சுத் தீவுகள் பக்கம் போனால் தமிழ்நாட்டுத் தொடர்பு விட்டுப்போகும் என்று தோன்றுகிறது. பிரெஞ்சு ஏ2 அளவில்தான் (தொடக்க நிலை) இருக்கிறது, பிரான்ஸ் போக நிதியும் இல்லை. சென்னையில் இருந்தபடி மூல ஆவணம் எவ்வளவு பார்க்க முடியும்? அப்புறம், பெண்கள் கைப்பட எழுதியது எதுவுமே கிடைக்காது என்றால் பாலினம் என்று எதை வைத்து எழுதுவது?

மண்ணடி_பழையபேட்டை:

மலர், கடைசிக் கேள்வியைத்தான் முதலில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் அதிலேயே அடங்கிவிடும்.

இனத்தைப் பற்றி பிரெஞ்சு அறிஞர்கள் என்ன தத்துவம் பேசினார்கள் என்று தேடினால், ஏற்கெனவே நூறு பேர் எழுதிய இடத்தில் நூற்றியோராவது ஆளாக நிற்பீர்கள். சட்டம் இனத்தை எந்த இடத்தில் கையால் தொட்டது என்று பாருங்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, வாரிசுரிமை, அடிமை விடுதலைப் பத்திரம். நாலு இடத்திலும் நடுவில் ஒரு பெண் இருப்பாள்.

1685 மார்ச்சில் பதினான்காம் லூயி கரீபியன் தீவுகளுக்காகப் போட்ட அடிமைச் சட்டம், 'கோட் நுவார்', 60 பிரிவுகள். 13-ஆம் பிரிவின்படி தகப்பன் யாராக இருந்தாலும் பிள்ளைக்குத் தாயின் நிலைதான்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை. 9-ஆம் பிரிவு, அடிமைப் பெண்ணோடு சேர்ந்து பிள்ளை பெற்றவனுக்கு 2,000 பவுண்டு சர்க்கரை அபராதம் போடுகிறது. அவள் அவனுக்கே சொந்தமான அடிமை என்றால் அவளும் பிள்ளையும் பறிமுதல். ஆனால் அவன் மணமாகாதவனாக இருந்து அவளைத் தேவாலயத்தில் முறைப்படி கட்டிக்கொண்டால் அவளும் பிள்ளையும் விடுதலை. ஆக 1685-ல் கலப்பு மணம் குற்றம் இல்லை. அதே சட்டத்தை 1723 டிசம்பரில் பூர்போன், ஈல் து பிரான்ஸ் தீவுகளுக்கு (இன்றைய ரியூனியன், மொரிஷியஸ்) திருத்தி எழுதியபோது வெள்ளையர், கறுப்பர் திருமணமே தடை. 1724-ல் லூயிசியானாவுக்கும் அப்படியே. நாற்பது ஆண்டுக்குள் என்ன மாறியது என்பது ஒரு முழு அத்தியாயத்துக்குத் தாங்கும்.

தமிழ்நாட்டுத் தொடர்பு விட்டுப்போகும் என்ற பயமே வேண்டாம். 1672-ல் சாந்தோமைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி ழாக்கோப் ப்ளாங்கே த லா ஹே. டச்சுக்காரர்களும் கோல்கொண்டாப் படையும் வளைத்து நின்றதில் 1674 செப்டம்பரில் சரணடைந்தார். ஊர் திரும்பும் வழியில் பூர்போன் தீவில் இறங்கி, 1674 டிசம்பர் 1 அன்று ஓர் ஆணை போட்டார்: பிரெஞ்சு ஆண் கறுப்புப் பெண்ணை மணக்கக் கூடாது, கறுப்பு ஆண் வெள்ளைப் பெண்ணை மணக்கக் கூடாது. சாந்தோம் கடற்கரையில் தோற்ற ஆள், மூன்றே மாதத்தில் அங்கே போய் யார் யாரைக் கட்டலாம் என்று சட்டம் பேசுகிறார்! 1678-ல் என்ன ஆயிற்று தெரியுமா? இந்தியாவிலிருந்து இந்தோ-போர்த்துகீசியப் பெண்கள் பதினான்கு பேரளவில் அதே தீவுக்குப் போய்க் குடியேறிகளுக்கு மனைவிகள் ஆனார்கள். ரியூனியனின் பழைய 'வெள்ளை'க் குடும்பங்கள் பலவற்றுக்கு மூதாய்கள் மலகாசிய (மடகாஸ்கர்) பெண்களும் இந்தப் பெண்களும்தான். ஆணைக்கும் ஊர் நடப்புக்கும் இடையிலுள்ள அந்த விரிசல்தான் உங்கள் ஆய்வுக்கு இடம்.

வழக்குகளில் இரண்டை முதலில் படியுங்கள். ஒன்று, புதுச்சேரியிலிருந்து சிறுவனாக வாங்கிக் கொண்டுபோகப்பட்ட ஃபிரான்சிஸ்க். 1759-ல் பாரிஸ் பார்லமோன் நீதிமன்றம் அவனை விடுவித்தது. அவன் இந்தியன், ஆப்பிரிக்கன் அல்ல, அதனால் அடிமைச் சட்டம் அவனுக்குப் பொருந்தாது என்று வக்கீல்கள் வாதாடினார்கள். மூக்கு, உதடு வரை பேசினார்கள். இன்னொன்று ஃபூர்சி. அம்மா மட்லேன் வங்காளத்துச் சந்திரநாகூரில் பிறந்தவள், சிறுமியாக விற்கப்பட்டு பிரான்ஸ் வழியாக பூர்போன் போனவள். எஜமானி 1789-லேயே விடுதலைப் பத்திரம் எழுதியும் அவளிடம் பல ஆண்டு சொல்லவே இல்லை. மகன் 1817-ல் வழக்குப் போட்டான், சிறைக்குப் போனான், மொரிஷியஸுக்கு அனுப்பப்பட்டான். அவன் பிறப்பிலேயே சுதந்திரமானவன் என்று பாரிஸ் நீதிமன்றம் சொன்னது 1843-ல். மகன் வழக்கு முழுவதும் அம்மாவின் வாழ்க்கை மேல்தான் நிற்கிறது: எங்கே பிறந்தாள், பிரெஞ்சு மண்ணில் கால் வைத்தாளா, எந்தத் தேதியில் விடுதலை. அவள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கட்டு நிறைய அவள்தான்.

சுருக்குவதற்கு என் யோசனை: ஒரே வகை ஆவணம், ஒரே ஊர், முப்பது ஆண்டுக்கு மேல் வேண்டாம்.

பேசின்பாலம்_வாசகர்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் மலர் சென்னையில், அதாவது எழும்பூர் ஆவணக் காப்பகத்தில், என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறாள், அதை யாரும் தொடவில்லை. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் பச்சை வழித்தடம் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். துறைத்தலைவர் கையெழுத்தோடு கடிதம், அடையாள அட்டை, ஆய்வுத் தலைப்பு, பார்க்க வேண்டிய ஆண்டு வரம்பு, நாலும் தயாராக இருக்கட்டும். ஆண்டு வரம்பு போடாமல் "பிரெஞ்சு சம்பந்தமாக எல்லாம்" என்று எழுதிக் கொடுத்தால் ஒன்றும் வராது.

தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பிரெஞ்சு விஷயம் இருப்பதற்குக் காரணம் எளிது. புதுச்சேரியை ஆங்கிலேயர் 1761, 1778, 1793 என்று மூன்று முறை பிடித்தார்கள். முதல் தடவை 1765-லும், அடுத்தது அமெரிக்கப் போர் முடிந்த பிறகும், கடைசியாக 1816-லும் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட காலங்களில் மேலதிகாரம் சென்னை அரசு. ஆகவே அந்த ஆண்டுகளின் கடிதப் போக்குவரத்தை இங்கே, ஆங்கிலத்தில் தேடலாம். ஏ2 பிரெஞ்சோடு தொடங்குகிறவருக்கு இதைவிட வசதி கிடையாது. 'பிரெஞ்ச் கரஸ்பாண்டன்ஸ்' என்ற தலைப்பில் 1750, 1751, 1752-க்கான கடிதங்கள் அச்சாகவே வந்திருக்கின்றன. கையெழுத்துக் கட்டுக்குப் போகும் முன் அவற்றை முடித்துவிடுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. 1746 செப்டம்பர் 21-ல் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார், 1749-ல்தான் ஊர் திரும்பக் கிடைத்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் தலைமை கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்குப் போய் 1752 வரை அங்கேயே இருந்தது. அந்த ஆண்டுகளுக்கு செயின்ட் ஜார்ஜ் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளைக் கேட்டால் ஒன்றும் இருக்காது. ஆவணம் அழிந்துவிட்டது என்று முடிவு கட்டி எழுதிவிடாதீர்கள். செயின்ட் டேவிட் என்று கேட்க வேண்டும்.

லா பூர்தொனேயை விட்டுவிடாதீர்கள். பூர்போன், ஈல் து பிரான்ஸ் தீவுகளின் கவர்னர் அவர். சென்னைக்கு வந்த படையில் தீவுகளிலிருந்து கூட்டி வந்த ஆப்பிரிக்கர்களும் இருந்தார்கள். புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைத் தீவுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். பிரெஞ்சுக்காரர்கள் இடிக்கத் தொடங்கி பிறகு ஆங்கிலேயர்கள் இடித்து முடித்த பழைய கறுப்பர் பட்டணம் இப்போது ஹைகோர்ட் நிற்கிற இடம். இந்தத் தலைப்புக்குக் களம் வேண்டுமென்றால் பாரிமுனையில் இறங்கி நின்றாலே போதும்.

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1709-ல் பிறந்தவர், நம்ம பெரம்பூர்க்காரர், புதுச்சேரி கவர்னர் தியூப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும்) இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதியிருக்கிறார். ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 தொடங்கி 1928 வரை 12 தொகுதியாக வந்தது. 1743-ல் ஆட்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாகக் கப்பலேற்றிய விவகாரம் அதில் இருக்கிறது. தியூப்ளேயின் மனைவி ழானைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது. அந்த அம்மா 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தாய்வழியில் இந்தோ-போர்த்துகீசிய ரத்தம், தமிழ் நன்றாகப் பேசுவார், அரசியல் கடிதப் போக்குவரத்தை நடத்தியவர். பிள்ளைக்கு அவரைக் கண்டாலே ஆகாது. கவர்னரிடம் செல்வாக்குக்கு இருவருக்கும் போட்டி. அதனால் பிள்ளை அவரைத் திட்டுகிற வரிகளை அப்படியே சாட்சியமாக எடுக்க முடியாது. ஒரு பெண் அதிகாரத்தில் தலையிட்டால் துபாஷிகள் அதை எப்படிப் பேசினார்கள் என்பதற்குத்தான் அது சாட்சி.

தண்டையார்பேட்டை_மலர்:

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. கடலூர் விஷயம் சுத்தமாகத் தெரியாது. சாதியா இனமா என்ற கேள்வி மட்டும் இன்னும் நிற்கிறது. வாய்மொழித் தேர்வில் முதலில் இதைத்தான் கேட்பார்கள்.

சாவடித்_திண்ணை:

மலர், புதுச்சேரியைப் பொறுத்தவரை சாதி என்பதையே பிரெஞ்சு நிர்வாகம் சட்ட வகையாக ஆக்கியது. 1819 ஜனவரி 6 ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கே அமலாக்குகிறது. அதே கையோடு இந்தியர்கள், கிறிஸ்தவரானாலும் முஸ்லிமானாலும் இந்துவானாலும், தத்தம் சாதி வழக்கப்படியே நியாயம் பெறுவார்கள் என்று விலக்கும் தருகிறது. வழக்கம் எது என்று சொல்ல 1827-ல் ஆலோசனைக் குழு ஒன்றும் அமைத்தார்கள். அதற்கு முந்தைய காலத்துக்கு, இந்தியர் வழக்குகளை விசாரித்த சாவடி நீதிமன்றத்தின் தீர்ப்புகள், 1766 முதல் 1817 வரை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் வெளியிட்டவை. விதவை சொத்து, தத்து, சீதனம், நகை எல்லாம் அதில் உண்டு. பாலினத்துக்கு இதைவிட அடர்த்தியான தமிழ் மண் ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

1881 செப்டம்பர் 21 ஆணையை எடுத்தால் தலைப்பே கையில் கிடைத்த மாதிரி. சொந்தச் சாதி, மதச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறலாம் என்று சொன்ன ஆணை அது. மாறியவர்கள்தான் 'ரெனோன்சான்'. முதல் பிரிவை நிதானமாகப் படியுங்கள். எல்லாச் சாதி, மதத்தையும் சேர்ந்த இருபாலரும், 21 வயது நிரம்பியவர்கள், துறக்கலாம் என்று தொடங்குகிறது. அடுத்த வாக்கியத்தில், துறந்தவர்களும் "அவர்களுடைய மனைவியரும் மைனர் பிள்ளைகளும்" பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வருவார்கள், இது திரும்பப் பெற முடியாதது என்கிறது. முதல் வரியில் பெண் தனி ஆள். இரண்டாம் வரியில் புருஷன் கையெழுத்தோடு இழுபட்டுப் போகிறவள்.

போன பிறகு அவளுக்கு என்ன? இதை ஒற்றை வரியில் முடிக்காதீர்கள். 1804 சிவில் சட்டத்தின் 213-ஆம் பிரிவு மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிறது. 215-ஆம் பிரிவின்படி கணவன் அனுமதி இல்லாமல் அவள் கோர்ட்டுக்குப் போக முடியாது. இன்னொரு பக்கம் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு, கணவன் இரண்டாவது கட்ட முடியாது. இழந்தது எது, கிடைத்தது எது என்று ஒவ்வொரு குடும்பமாகத்தான் சொல்ல முடியும். அதற்கு நோட்டரிப் பத்திரம் வேண்டும்.

ஆணைக்கு முன்கதையும் உண்டு. 1873-ல் வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பிய ஷூ போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனதற்கு நடவடிக்கைக்கு ஆளானார். பாரிஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிறகு துறவுப் பதிவில் அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் லாபோர்த். துறப்பவர்கள் குடும்பப் பெயர் ஒன்று வைத்தாக வேண்டும் என்பது ஆணையின் நிபந்தனை, அதனால்தான் அந்தப் பெயர்கள். சாதி இந்துக்களின் தரப்பு, சண்முக முதலியார் தலைமையில், இதைக் கடுமையாக எதிர்த்தது. 1884-ல் வாக்காளர் பட்டியலையே ஐரோப்பியர், துறந்தவர், மற்ற இந்தியர் என்று மூன்றாகப் பிரித்தார்கள். தோல் நிறத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாமல் இனப் பட்டியல் போட்டாகிவிட்டது. ஆகவே புதுச்சேரியில் சாதிதான் இனத்தின் வேலையைச் செய்தது என்பேன்.

மண்ணடி_பழையபேட்டை:

சாவடித் திண்ணை சொல்வதில் கடைசி வரியை மட்டும் ஏற்க மாட்டேன். சாதி இனத்தின் வேலையைச் செய்தது என்று எழுதினால் தேர்வாளர் அடுத்த நொடி கேட்பார்: அப்படியானால் அதே ஆள் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனுக்குப் போனால்? அங்கே துறந்த தமிழர் பிரெஞ்சுக் குடிமகனாக, வாக்காளராக, அரசு ஊழியராக வியட்நாமியருக்கு மேலே நின்றார். இங்கே கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவருக்கும் அது கிடைத்தது. சாதியும் இனமும் ஒன்று என்றால் இது நடந்திருக்காது.

இந்தோசீனாவில் இனம் என்ற சொல்லையே சட்டம் எழுதியது. 1928 ஆணை, தகப்பன் பெயர் சட்டப்படி தெரியாத கலப்புப் பிள்ளைகளுக்கானது. தாய் தகப்பனில் ஒருவர் 'பிரெஞ்சு இனத்தைச் சேர்ந்தவர்' என்று கருத இடமிருந்தால் பிள்ளைக்குக் குடியுரிமை. ஆதாரம் என்ன? பெயர், வளர்ப்பு, கல்வி, சமூகத்தில் இருக்கும் இடம், முகச்சாயல். ஏன் கலப்புப் பிள்ளை என்றாலே தகப்பன் பெயர் இல்லை? 1912-ல் பிரான்ஸில் தகப்பனைத் தேடி வழக்குப் போடும் உரிமை வந்தபோது, காலனிகளில் உள்ளூர்ப் பெண்கள் அதைப் பயன்படுத்த முடியாதபடி கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். முதலில் தாயின் வழக்குரிமையைப் பறி, பிறகு பிள்ளையை இனம் பார்த்துப் பொறுக்கு. இந்த இரண்டு சட்டத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்காமல் 1928-ஐப் பற்றி எழுதுவதில் பயனில்லை.

சாவடித்_திண்ணை:

சைகோன் வாதம் நியாயம்தான். ஆனால் முதல் ஆண்டுப் பிள்ளையை மூன்று கண்டத்துக்கு அனுப்பாதீர்கள். புதுச்சேரி, 1870 முதல் 1900, துறவுப் பதிவும் திருமணப் பதிவும். முடிந்தது.

கல்மண்டபம்_ரீடர்:

சரி, கையை நனைக்கிற வேலைக்கு வருவோம். பிரான்ஸின் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் இருக்கிறது. பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைப் படமாக இணையத்தில் போட்டிருக்கிறார்கள், இலவசம். 1776 ஜூன் ஆணையால் காலனிப் பதிவேடுகளின் நகல் வெர்சாய் போக வேண்டியதாயிற்று. அதனால்தான் கரையானும் புயலும் தின்றவைகூட அங்கே பிழைத்திருக்கின்றன. சில ஆண்டுகளுக்கு இரண்டு பிரதி உண்டு. இரண்டையும் எண்ணி ஒரே கல்யாணத்தை இரண்டாக்கிவிடக் கூடாது.

பெரிய ஓட்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் ஐரோப்பியருக்கும் தோப்பாசுகளுக்கும் (கலப்பு வழிக் கிறிஸ்தவர்கள்) கப்புச்சின் பாதிரிகள், தமிழ்க் கிறிஸ்தவருக்கு யேசு சபையார் என்று பங்குகள் தனித்தனி. படங்களில் அதிகம் வருவது முதல் வகை. அதை மட்டும் பார்த்துவிட்டு "புதுச்சேரிப் பெண்கள்" என்று பொதுமைப்படுத்தினால் அத்தியாயமே சரிந்துவிடும்.

பழைய கையெழுத்தில் முதலில் இடறுவது தேதி. 7 போட்டு மேலே சின்னதாக 'பிர்' என்று இருந்தால் அது செப்டம்பர், ஜூலை இல்லை. 8 அக்டோபர், 9 நவம்பர், பெருக்கல் குறி போல ரோமன் பத்து இருந்தால் டிசம்பர். 1793-க்கும் 1805-க்கும் நடுவே தீவுப் பதிவேடுகளில் புரட்சி நாட்காட்டி வரும், மாற்றுப் பட்டியலைப் பக்கத்தில் வையுங்கள்.

பெயர் தேடும்போது ஆங்கில வழியில் எழுதினால் கிடைக்காது. முத்து என்பதற்கு ஓ-யூ போட்டு, டி இரண்டு போட்டுத் தேட வேண்டும். தம்பி, சாமி எல்லாம் கடைசியில் ஒய் போட்டும் வரும், ஐ போட்டும் வரும். ஒரு பெயருக்கு நாலு எழுத்துக்கூட்டாவது முயன்று பார்த்த பிறகுதான் "இல்லை" என்று சொல்லலாம்.

எக்செல்லில் இந்தப் பத்திகள் போதும்: படத்தின் எண், தேதி, பெயர் ஆவணத்தில் உள்ளபடி, பெயருக்கு முன் வரும் அடைமொழி, தாயைக் குறித்த சொற்கள், தகப்பனைக் குறித்த சொற்கள், சட்ட நிலை, சாட்சிகள், கையெழுத்தா கீறலா. அடைமொழிதான் உயிர். ஐரோப்பியப் பெண்ணுக்கு 'தாம்', 'தெமுவாசெல்' என்று வரும். அடிமைக்கும் விடுதலை பெற்றவளுக்கும் 'லா நொம்மே', அதாவது "இன்ன பெயருடையவள்" என்று மட்டும் வரும். ஒரே பெண்ணுக்கு இருபது வருடத்தில் இந்த அடைமொழி மாறுகிறதா என்று பார்ப்பதே ஒரு ஆய்வு முறை. 'இனம்' என்று நீங்களாக ஒரு பத்தி போட்டு நிரப்பாதீர்கள். பலர் அங்கேதான் கவிழ்கிறார்கள்: எழுத்தர் எழுதாத இடத்தில் வெள்ளை, கலப்பு என்று தாங்களே போட்டுவிட்டு, பிறகு அதையே எண்ணிச் சதவீதம் எடுக்கிறார்கள். எழுத்தர் ஒன்றும் எழுதவில்லை என்றால் கட்டம் காலியாகவே இருக்கட்டும். முதலில் 50 பதிவு மட்டும் எடுத்து கைடிடம் காட்டுங்கள். பத்திகளை மாற்ற வேண்டியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

பிரெஞ்சைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பதிவேடு ஒரே அச்சில் வார்த்த வாக்கியம். ஏ2 உள்ளவர் அதற்குப் பழகிக்கொள்வார். வழக்குக் கட்டுகளுக்கும் நோட்டரிப் பத்திரத்துக்கும்தான் பி1 தாண்ட வேண்டும்.

தண்டையார்பேட்டை_மலர்:

கடைசியாக ஒன்று. ஒப்பந்தக் கூலிகளாகப் போன பெண்களை இதில் சேர்க்கலாமா? எங்கள் பக்கத்தில் பலருக்கு அந்தக் கதைதான் பரிச்சயம்.

பேசின்பாலம்_வாசகர்:

தனி ஆய்வாக வையும்மா, இதோடு கலக்காதே. அடிமை முறை 1848 ஏப்ரல் 27 ஆணையோடு முடிந்து, கரும்புக்கு ஆள் பற்றாக்குறை வந்த பிறகு நடந்தது அது. 'ஒரேலி' கப்பல் 1853-ல் மார்த்தினிக்கிலும் 1854 டிசம்பரில் குவாதலூப்பிலும் முதல் இந்தியர்களை இறக்கியது. 1861 ஜூலை 1 பிரிட்டிஷ்-பிரெஞ்சு ஒப்பந்தத்தில் ஒவ்வொரு கப்பலிலும் ஆண்களின் எண்ணிக்கையில் கால் பங்காவது பெண்கள் இருக்க வேண்டும், பிறகு அந்தப் பங்கு கூட்டப்பட வேண்டும் என்று விதி இருக்கிறது. விதியில் இருப்பதால் ஏற்றினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதே, கப்பல் பட்டியலோடு ஒத்துப்பார். 'மனைவி' என்று பட்டியலில் இருந்தாலும் எச்சரிக்கையாக இரு. பங்கு நிரப்புவதற்காக, கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைக்கும் டிப்போவிலேயே ஜோடி சேர்த்து எழுதியிருக்கவும் கூடும், சொந்த விருப்பத்தில் தனியாகக் கிளம்பியவளாகவும் இருக்கலாம். ரியூனியனுக்கு 1882-லும் குவாதலூப்புக்கு 1888-லும் பிரிட்டிஷார் ஆள் அனுப்புவதை நிறுத்தினார்கள். இதற்கான சென்னை அரசு நடவடிக்கைக் குறிப்புகளை எழும்பூரில் பொதுத்துறை வரிசையில் கேட்கலாம். ஆண்டு எழுதிக்கொண்டு போ.